சீனா ஜாடிக்கு மூன்று ஏலம்

"சாமி, என் ஜாடியை ஏலத்துல எடுத்துட்டாங்க," என்றார் சாத்தப்பன்.

"நல்லதாப் போச்சு. யார் எடுத்தாங்க?"

"நான்தான்."

கண்டக்டர் சாமி ஆய்ந்துகொண்டிருந்த கீரையைக் கீழே வைத்தார்.

அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. பத்து வருஷம் பஸ்ஸில் டிக்கெட் கிழித்தவர். ஒருநாள் பையைக் கழற்றி டிப்போவில் மாட்டிவிட்டு, ஊருணிக்கரை மடத்துக்கு வந்து உட்கார்ந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய சாத்தப்பன் அவரைத் தேடி வருவதைப் பார்த்து ஊரில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். தூக்கம் வராதவருக்கு வைத்தியரின் வயதா முக்கியம்?

"விவரமாச் சொல்லுங்க ஐயா."

விவரம் ஒன்றும் பெரிதில்லை. அது சாத்தப்பனின் அப்பா ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்த பழைய சீனா ஜாடி. இடுப்பு உயரம், வெள்ளைப் பீங்கானில் நீல மீன்கள். மனைவி போன பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரும் ஜாடியும்தான். ஜன்னல் அசைந்தால் எழுந்துபோய் ஜாடியைத் தொட்டுப் பார்ப்பார். வெளியூர் போனால் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்.

கோயம்புத்தூரிலிருந்து மகள் உமையாள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். தனியாக் கிடந்து என்ன பண்றீங்க, எங்களோட வந்து இருங்க அப்பச்சி என்று. அவள் வீட்டிலோ கையில் அகப்பட்டதையெல்லாம் இழுத்துப் போடும் குழந்தை. ஜாடியைக் கொண்டுபோகவும் முடியாது, விட்டுவிட்டுப் போகவும் முடியாது. பேத்திக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. சாத்தப்பனைப் பார்த்தால் இன்னும் அம்மாவின் சேலைக்குள் ஒளிந்துகொள்கிறாள்.

"அலுத்துப் போச்சு சாமி. வித்துத் தொலைச்சுட்டுப் பேத்தியோட போய் இருக்கலாம்னுதான் ஏலத்துக்குக் குடுத்தேன். ஒரு தரம், ரெண்டு தரம்னு கூவுறான். பின்வரிசையில எவனோ செல்போன்ல பேசிக்கிட்டே கையைத் தூக்கியிருக்கான். ஜாடியைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. போயும் போயும் இவன் வீட்டுக்கா போகணும்னு நெனைச்சேன். என் கை தானா மேல போயிருச்சு."

தன் பொருளைத் தானே ஏலம் எடுத்து, அதற்குக் கமிஷனும் கட்டி, வண்டி வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்த மனிதரைச் சாமி இதுவரை பார்த்ததில்லை. ஆனாலும் சிரிக்கவில்லை.

"அடுத்த தடவை கையில ஏதாவது பிடிச்சுக்கிட்டு உட்காருங்க," என்று சொல்லிவிட்டு மறுபடி கீரையை எடுத்துக்கொண்டார்.

•

அடுத்த ஏலத்துக்குச் சாத்தப்பன் குடையோடு போனார். இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

சாயங்காலம் மடத்துக்கு வந்தவர், உள்ளே வரத் தெம்பில்லாமல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"குடையைத் தூக்கிட்டேன்."

இந்த முறை சாமியால் சிரிப்பை அடக்க முடியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் சாத்தப்பனின் கண் கலங்கியிருந்தது. சாமி சிரிப்பை விழுங்கிக்கொண்டு, ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"இன்னிக்கும் அந்தச் செல்போன்காரனா?"

"இல்ல சாமி. யாரோ ஒரு டீச்சரம்மா. நல்ல மனுஷி. ஜாடியை அவ்வளவு பதமாத் தொட்டுப் பார்த்தாங்க."

"அப்புறம் என்ன?"

"அவங்க பதமாத் தொட்டதுதான் எனக்குத் தாங்கலை."

சாத்தப்பன் ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

"ஏலக்காரர் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டுட்டார். இன்னும் ஒரே ஒரு தடவைதான், அதுக்கு மேல இந்த ஜாடியைக் கூடத்துக்குள்ள விடமாட்டேன்னுட்டார். உமையாளும் போன்ல பேசமாட்டேங்கிறா. உங்களுக்கு நாங்க வேணாம், ஜாடி போதும்னு அழுதுட்டு வச்சுட்டா. எனக்கு ஒண்ணும் முடியலை சாமி. நான் என்னத்தைப் பிடிச்சுக்கிட்டு உட்காரணும்?"

"கீழ வைக்க மனசு வராததாப் பார்த்து எடுத்துக்கிட்டுப் போங்க."

"அப்படி எங்கிட்ட இருக்கிறது அந்த ஜாடி ஒண்ணுதானே!"

சாமி சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

•

மூன்றாவது ஏலத்துக்குக் கோயம்புத்தூரிலிருந்து உமையாளே வந்துவிட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொள்வதாகத் திட்டம். ஆனால் ஏலக்கூடத்து வாசலில் காரை நிறுத்த இடமில்லை.

"இவளைக் கொஞ்சம் வச்சுக்கங்க அப்பச்சி. வண்டியை எங்கயாவது விட்டுட்டு ஓடி வந்துடறேன். முழிச்சா ஊரைக் கூட்டிடுவா, பார்த்துக்கங்க."

தூங்கும் பிள்ளையைத் தோளில் சாய்த்துவிட்டு அவள் போனாள். சாத்தப்பன் முன்வரிசையில் ஜாடியைப் பிடிப்பதுபோல விறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் அந்தச் சின்னத் தலை சரிந்து, அவர் கழுத்தோரம் ஒரு வாகான இடம் பார்த்து ஒட்டிக்கொண்டது. மூச்சு சூடாகக் கழுத்தில் பட்டது. வாயிலிருந்து வழிந்தது சட்டையை நனைத்தது.

ஜாடியை மேடைக்குக் கொண்டுவந்தார்கள். அவர் காலையில் துடைத்து அனுப்பிய நீல மீன்கள் விளக்கில் மின்னின. பின்வரிசையில் அதே செல்போன்காரன், அதே பேச்சு. பேச்சை நிறுத்தாமலே கையைத் தூக்கினான். டீச்சரம்மா அன்று வரவில்லை.

"ஒரு தரம்."

சாத்தப்பன் திரும்பி அந்தச் செல்போன்காரனைப் பார்த்தார்.

"ரெண்டு தரம்."

ஏலக்காரர் சாத்தப்பனையே பார்த்தார். கூடத்தில் விஷயம் தெரிந்தவர்கள் எல்லோரும் பார்த்தார்கள். அவருடைய வலது கை எழுந்தது.

பிள்ளை சிணுங்கினாள்.

எழுந்த கை பாதியில் திரும்பி, அவள் முதுகில் இறங்கித் தட்டிக்கொடுக்க ஆரம்பித்தது.

"மூணு தரம்!"

•

சாயங்காலம் மடத்து வாசலில் கார் வந்து நின்றது. மேலே ஒரு பழைய டிரங்குப் பெட்டி கட்டியிருந்தது.

சாத்தப்பன் பேத்தியைத் தோளில் போட்டபடி மெல்ல இறங்கினார்.

"குடுங்க அப்பச்சி, எவ்வளவு நேரமாச் சுமப்பீங்க? கை வலிக்கும்," என்றாள் உமையாள். அவர் தலையை மட்டும் ஆட்டிவிட்டு நடந்தார்.

கண்டக்டர் சாமி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார்.

"வாங்க ஐயா! ஜாடியை யார் எடுத்தாங்க?"

பஸ்ஸில் கூவிப் பழகிய குரல். சாத்தப்பன் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

"மெதுவா சாமி. இப்பத்தான் கண்ணை மூடினா."