யானை மிதித்த புல்

முன்னொரு காலத்தில் செங்காட்டுச் சீமையைக் குன்றவர்மன் என்ற ராஜா ஆண்டான். அவன் செய்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்லிவிட்டுத்தான் கதைக்குள் போக வேண்டும். முதலில், ஊர் மாடுகள் மேய்ந்த நிலத்தை வளைத்து அரண்மனைக்கு முன்னால் புல்தரை போட்டான். அடுத்து, ஆட்டுக்குட்டிகூட நுழையக் கூடாத அந்தப் புல்லில் தன் யானைகளைத் தினமும் நடக்கவிட்டு அழகு பார்த்தான். பிறகு, புல் மஞ்சளாகிப்போனதும் ஊர்க் குளத்துத் தண்ணீரை அங்கே திருப்பினான். அப்படியும் பிழைக்காததால், தோட்டக்காரி பேச்சிதான் புல்லைக் கொன்றாள் என்று தண்டோரா போட்டு அவளைச் சிறையில் அடைத்தான். பட்டாபிஷேகத் திருநாளுக்குள் புல் பச்சையாகாவிட்டால் அவளை நாடு கடத்துவதாகவும் உத்தரவிட்டான்.

மந்திரி சடையனுக்கு அது பொறுக்கவில்லை. தரையில் ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றிப் பார்த்தார். தண்ணீர் உள்ளே இறங்காமல் ஓடிப்போயிற்று. யானைக்கால் பட்டு மண் பாறையாகிவிட்டது, வேருக்கு மூச்சுவிட வழியில்லை என்று அவருக்குப் புரிந்தது. தரையெங்கும் துளை போட வேண்டும். ஆனால் ராஜாவின் புல்தரையை யார் தோண்டினாலும் தலை போகும் என்று சட்டம். அதை எழுதவைத்தவர் தளபதி கடம்பராயர். சடையன் எப்போது சறுக்குவார் என்று காத்திருக்கிற மனிதர்.

திருநாள் விருந்துக்குப் புல்தரையிலேயே கூடாரம் அடிக்கலாம், தளபதியே மேற்பார்வை பார்க்கட்டும் என்று சடையன் சபையில் சொன்னார். ராஜா சம்மதித்தான். கூடாரக் கயிற்றைக் கட்டத் தரையில் அடிக்கும் முளைகளை மட்டும் சடையனே செய்து கொடுத்தார். எல்லாம் நுனி சீவிய மூங்கில் குழாய்கள்.

கூடாரம் எழுந்ததும் தளபதியின் காதருகே போனார் சடையன். “இங்கே உட்கார்ந்தால் மகாராஜாவின் பார்வை என்மேல்தான் விழும். தாங்கள் கம்பத்துக்குப் பின்னால். எனக்குச் சந்தோஷம்தான்.”

“பிடுங்குங்கடா முளையை” என்றார் தளபதி.

கிழக்கே மாற்றினார்கள். அங்கே வெயில் தளபதியின் முகத்தில் அடித்தது. மேற்கே மாற்றினார்கள். அங்கே சடையனின் ஆசனம் ஒரு முழம் முன்னால் தெரிந்தது. இப்படியே கூடாரம் புல்தரை முழுக்க ஊர்வலம் போயிற்று. ஒவ்வொரு முளையைப் பிடுங்கும்போதும் குழாய்ப் புட்டு மாதிரி மண் வெளியே வந்தது. யானைகள் இடமில்லாமல் கொட்டடியிலேயே நின்றன. ஒரு மழை பெய்தது. துளைக்குத் துளை பச்சை எட்டிப் பார்த்தது.

திருநாளன்று, எல்லாம் தன் கூடாரத்தின் ராசி என்று தளபதி மார்தட்டினார்.

“ஆமாம் மகாராஜா, அத்தனை துளையும் தளபதி போட்டவைதான். சட்டப்படி அவர் தலையை என்ன செய்வது?” என்றார் சடையன்.

தளபதி கழுத்தைத் தடவிக்கொண்டார். சபை சிரித்தது. யானை மிதித்து மண் இறுகியதிலிருந்து நடந்ததையெல்லாம் சடையன் விவரமாகச் சொன்னார். ராஜாவும் சிரித்துத் தளபதியை மன்னித்தான். “சடையா, உன் புத்திக்குப் பொன் வேண்டுமா, கிராமம் வேண்டுமா, கேள்.”

“இரண்டும் வேண்டாம். பேச்சியின் பெயரை ஊர் முழுக்கத் தண்டோரா போட்டீர்கள். இப்போது அவளைப் பின்வாசல் வழியாக அனுப்பினால் போதாது. புல்லைக் கொன்றவர் பெயரையும் அதே ஊருக்கு முன்னால் படிக்க வேண்டும்.”

ராஜாக்களை மெச்சுவது லேசில் வருகிற காரியமல்ல. ஆனாலும் அன்று குன்றவர்மன் செய்ததை மெச்சத்தான் வேண்டும். ஓலையை எழுதவைத்தான். பேச்சியை விடுவித்து, தன் பக்கத்தில் நிறுத்தினான். கோட்டை வாசலில் ஊர் கூடியதும், தண்டோராக்காரனிடம் ஓலையைக் கொடுக்காமல் தானே விரித்துப் படித்தான்.

“இந்தப் புல்லைக் கொன்றவன், குன்றவர்மன்.”