இளகக் கூடாத மெழுகு

ஒரு காட்டில் ஒரு பெருச்சாளியும் ஒரு கீரியும் சேர்ந்து ஒரு பொய் சொல்லின. சின்னப் பொய்தான். ஆனால் அதற்காக அவை பட்ட பாடு இருக்கிறதே, அப்பப்பா!

பெருச்சாளி வளை தோண்டுவதில் கெட்டிக்காரன். காடே அதை மேஸ்திரி என்றுதான் கூப்பிடும். கீரியின் பெயர் செம்பாயி. அதற்கு அப்போது நிறைமாதம்.

கீரி பெருச்சாளியைக் கண்டால் சும்மா விடுமா? விடாதுதான். ஆனால் செம்பாயி ஒரு பேச்சு பேசியது. “மேஸ்திரி, எனக்கு ஒரு வீடு தோண்டிக் குடு. உன் மேல ஒரு நகம் படாது. ஒரு பாம்பும் உன் வீட்டுப் பக்கம் வராம நான் பாத்துக்கறேன்!”

பெருச்சாளிக்குப் பாம்பென்றால் குலை நடுங்கும். “சரி தங்கச்சி!” என்று உடனே தலையை ஆட்டிவிட்டது.

அந்தக் காட்டில் புது வீட்டுக்கு ஒரு சட்டம் இருந்தது. அதற்கு முந்தின கோடையில் வளைக்குள்ளேயே எத்தனையோ குட்டிகள் வெந்து செத்துப் போயின. அந்த வயிற்றெரிச்சலில் எல்லா மிருகங்களும் கூடிப் போட்ட சட்டம் அது. வீட்டை எப்படி வேண்டுமானாலும் கட்டிக்கொள். ஆனால் உச்சி வெயிலில் உள்ளே வைத்த தேன்மெழுகு இளகக் கூடாது! இளகாவிட்டால், சோதிக்க வரும் உடும்பு அந்த மெழுகை வாசலுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போகும். மெழுகு ஒட்டிய வீட்டில்தான் குடியேறலாம்.

பெருச்சாளி நல்ல இடமாகத்தான் காட்டியது. “மேட்டுக்கு வடக்கே தோண்டுவோம். அங்கே மண்ணு ஆழம். என் வீடும் அங்கதான் இருக்கு. பின்னால காத்துக்கு ஒரு துளையும் போட்டுட்டா, ஜிலுஜிலுன்னு இருக்கும்.”

“வடக்கே என்ன இருக்கு? வெறும் புதரு!” என்று முகத்தைச் சுளித்தது செம்பாயி. “எனக்கு மேற்கே வேணும். படுத்த இடத்துல இருந்தே குளம் தெரியணும். வாசலும் பெருசா வை!”

“மேற்கே சாயங்கால வெயில் நேரா உள்ள வருமே! மேலே கரும்பாறை வேற. கொதிக்கும் தங்கச்சி!”

“உன்னால முடியுமா, முடியாதா?”

பாம்பை நினைத்துக்கொண்டது பெருச்சாளி. முடியும் என்றது. தோண்டவும் தோண்டியது. பின்பக்கம் மண் இறுகிக் கிடந்ததால் காற்றுத் துளையும் போடவில்லை. அந்த மண்ணுக்கு அந்தப் பக்கம் பெருச்சாளியின் சொந்த வீடு. நடுவே ஒரு சுவர்தான்.

மெழுகுச் சோதனைக்கு முதல் நாளே பெருச்சாளி செம்பாயியிடம் ஓடி வந்தது. “இந்த வீட்டுல மெழுகு நிக்காது. இன்னொரு வீடு தோண்டிடறேன், கொஞ்சம் பொறுத்துக்கோ!”

“எனக்கு இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கு, பொறுத்துக்கோன்னா எப்படி?” என்று சீறியது செம்பாயி. பிறகு குரலைத் தணித்தது. “குளத்துல ஈரப்பாசி நிறையக் கிடக்கு மேஸ்திரி. வாரிக்கொண்டு வந்து தரையில பரப்புவோம். மேலே சருகைப் போட்டு மூடிடுவோம். ஒரு நாள் தாங்கினாப் போதாதா?”

இரண்டும் சேர்ந்து வாரி வந்தன. பரப்பின. மூடின.

மறுநாள் உடும்பு வந்தது. மெழுகை உள்ளே வைத்தது. வெயில் ஏறி இறங்கும்வரை வெளியே காத்துக் கிடந்தது. மெழுகு இளகவில்லை!

உடும்புக்கு ஆச்சரியம். “மேற்கு வாசல் வெச்ச வீடு இவ்வளவு குளுமையா? உள்ளே குளிர்ச்சிக்கு ஏதாச்சும் வெச்சீங்களா?”

“சேச்சே! இல்லீங்க ஐயா!” என்றது பெருச்சாளி.

“என் வயித்துல இருக்கிற குட்டிங்க மேல சத்தியமா இல்லீங்க!” என்றது செம்பாயி.

சத்தியம் செய்தபின் உடும்பு என்ன செய்யும், பாவம்? மெழுகை வாசலுக்கு மேலே ஒட்டிவிட்டுப் போய்விட்டது.

செம்பாயி நாலு குட்டிகள் போட்டது. குளத்தைப் பார்த்துக்கொண்டே பால் கொடுத்தது. என்ன சுகம்! பாசி மெல்லக் காய்ந்து சருகோடு சருகானது. கோடை வந்தது.

ஒரு நாள் அனல் காற்று வீசியது. பாறை சுட்டது, பாறைக்குக் கீழே வீடு சுட்டது. சாயங்கால வெயில் பெரிய வாசல் வழியாக நேரே வந்து குட்டிகள் மேல் விழுந்தது. அவை வாயைத் திறந்துகொண்டு இரைத்தன.

தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று செம்பாயி ஒரு குட்டியைக் கவ்வியது. வாசலில் தலையை நீட்டியது. எதிர்ப் புங்க மரத்தில் ஒரு கழுகு!

“வா செம்பாயி, வா!” என்றது கழுகு. “ஒவ்வொண்ணா எடுத்துட்டுப் போ. நீ ஒண்ணைக் கொண்டு போறதுக்குள்ள மிச்சத்தை நான் பாத்துக்கறேன்! எனக்கொண்ணும் அவசரமில்லை.”

செம்பாயி பின்வாங்கியது. அப்போது பொத்தென்று ஒரு சத்தம். வாசலுக்கு மேலே உடும்பு ஒட்டிய மெழுகு இளகிச் சரிந்து அதன் காலடியில் விழுந்து கிடந்தது.

செம்பாயி ஓடிப் போய்ப் பின்சுவரைப் பிறாண்டியது. “மேஸ்திரி! மேஸ்திரி! சுவரை உடை! குட்டிங்க சாகுது!”

சுவருக்கு அந்தப் பக்கம், குளுகுளுவென்ற தன் வீட்டில், பெருச்சாளி திடுக்கிட்டு எழுந்தது. ஓடி வந்து காலை ஓங்கியது. ஓங்கிய கால் அப்படியே நின்றது.

“தங்கச்சி... இதை உடைச்சா உனக்கும் எனக்கும் நடுவுல என்ன இருக்கு?”

“என் வாக்கு இருக்கு மேஸ்திரி! உன்னைத் தொடமாட்டேன், சத்தியம்!”

“சத்தியமா?” என்றது பெருச்சாளி. “அன்னைக்கு ஐயாகிட்டயும் சத்தியம்தானே பண்ணினே? நான் பக்கத்துலதானே நின்னேன்!”

பின்னால் குட்டிகள் கத்தின. நாலு குரலில் ஒரு குரல் நின்றுவிட்டது.

“ஆமா மேஸ்திரி,” என்று அழுதது செம்பாயி. “பொய்ச் சத்தியம்தான் பண்ணினேன். என்னை நம்பாதே. பெருசா உடைக்க வேணாம். என் தலை நுழையாத அளவுக்கு ஒரே ஒரு ஓட்டை போடு. குட்டி நுழைஞ்சாப் போதும். நான் இங்கயே கிடக்கறேன்!”

பெருச்சாளி அதற்குமேல் யோசிக்கவில்லை. “நானும்தானே பொய் சொன்னேன்!” என்று கத்திக்கொண்டே தோண்டியது. மண் இறுகிக் கிடந்தது. நகம் பிய்ந்தது. ரத்தம் வந்தது. விடவில்லை. கடைசியில் ஒரு ஓட்டை விழுந்தது. அதன் வழியே சில்லென்று காற்று வந்தது!

செம்பாயி ஒவ்வொரு குட்டியாக உள்ளே தள்ளியது. பெருச்சாளி அந்தப் பக்கம் இழுத்தது. கடைசிக் குட்டி துவண்டு கிடந்தது. அதை ஈர மண்ணில் கிடத்தித் தன் வாலால் விசிறியது பெருச்சாளி. விசிறியது, விசிறியது.

“என்ன மேஸ்திரி, சத்தமே காணோம்?” என்று ஓட்டையில் மூக்கை வைத்துக்கொண்டு கேட்டது செம்பாயி. “சொல்லேன்! என்ன ஆச்சு?”

“இரு... இரு தங்கச்சி... கண்ணைத் திறந்துடுச்சு! என் மூக்கையே கடிக்குது உன் பிள்ளை!”

பொழுது சாய்ந்தது. கழுகு காத்துக் காத்துச் சலித்துப் பறந்து போனது. செம்பாயி மேட்டைச் சுற்றி ஓடி வந்து பெருச்சாளி வீட்டு வாசலில் நின்றது. உள்ளே கால் வைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு வெளியிலேயே நின்றது.

பெருச்சாளி எட்டிப் பார்த்தது. பயம் போய்விடவில்லை. ஆனாலும் சொன்னது: “உள்ள வா தங்கச்சி. பிள்ளைங்க பாலுக்கு அழுவுது.”

விடிந்ததும் இரண்டும் உடும்பிடம் போய் நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்புக்கொண்டன. உருக்குலைந்த மெழுகைச் செம்பாயி அதன் முன்னே வைத்தது.

உடும்பு அதைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தது. “இந்த மெழுகு எனக்காகவா? எனக்கு வெயிலும் ஒண்ணுதான், நிழலும் ஒண்ணுதான்,” என்றது. “உன் பிள்ளைங்களுக்காகத்தானே எல்லாரும் கூடி இதை வைக்கச் சொன்னாங்க!”

செம்பாயியின் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

பெருச்சாளி மேட்டுக்கு வடக்கே, ஆழ மண்ணில், சின்ன வாசலும் பின்னால் காற்றுத் துளையுமாக ஒரு புது வீடு தோண்டியது. உடும்பு இந்த முறை சொல்லாமல் கொள்ளாமல் வந்து தரைச் சருகையெல்லாம் கிளறிப் பார்த்துவிட்டுத்தான் மெழுகை வைத்தது. அந்தக் கோடை முடியும்வரை மெழுகு வாசலில் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது.

“இங்கிருந்து குளம் தெரியாதே தங்கச்சி?” என்று சீண்டியது பெருச்சாளி.

“குளம் பாக்கணும்னா நடந்து போய்ப் பாத்துக்கறேன், போ!” என்றது செம்பாயி.

சோதிக்க வந்தவரை ஏமாற்றிக் கட்டிய வீடு, கடைசியில் ஏமாற்றுவது அதில் குடியிருப்பவரைத்தான்.