நாற்பத்தொன்றரைப் பேர் உள்ள ஊர்

இருட்டின பிறகு அந்தச் சத்தம் கேட்டது. டொக், டொக் என்று மரத்தில் மரம் மோதுகிற சத்தம். கொஞ்சம் நிற்கும். பிறகு பக்கத்து வீட்டில் தொடங்கும். பெனித்தா ஜெபமாலையைக் கையில் சுற்றிக்கொண்டு தொட்டிலை அடுப்போரம் இழுத்தாள்.

கதவு திறந்தது. வெள்ளிப் பூண் போட்ட கோலோடு மந்திரி கஸ்பார் நின்றார். பின்னால் காகிதமும் மைக்கூடுமாக அரசவைக் கெட்டிக்காரன் தெல்மோ. கஸ்பார் நேரே போய் அவள் கட்டிலைக் கோலால் தட்டினார். டொக்.

"இதில் படுக்கிறவன் எங்கே?"

"ஆடுகளோடு தெற்கே போயிருக்கிறார், ஐயா. மே மாதம் வந்துவிடுவார்."

"இன்று ராத்திரி இல்லாதவன் இல்லாதவன்தான். எழுது தெல்மோ, ஒரு பெண்." தொட்டிலை எட்டிப் பார்த்தார். "இது நடக்குமா?"

"பிறந்து நாலு மாசம்தான் ஆகிறது."

"நடக்காததை எழுதுவதில்லை."

வால்தெமூரா என்ற அந்த ஊர் ஸ்பெயின் தேசத்து மேட்டுநிலத்தில் இருந்தது. அங்கே ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு அரை நாள் நடை. மனிதரைவிட ஆடு அதிகம், ஆட்டைவிடக் காற்று அதிகம். பனி விழத் தொடங்கினால் புல் செத்துப்போகும். ஆண்கள் மந்தையை ஓட்டிக்கொண்டு ஒரு மாத நடையில் தெற்கே போய்விடுவார்கள். குளிர்காலம் முழுக்க அந்தச் சீமையில் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும்தான். கஸ்பாருக்கு இது நன்றாகத் தெரியும். அதனால்தான் ஜனவரியில் வந்தார்.

அறுபது தலைக்குக் குறைந்த ஊரைக் காலி செய்து ஜனங்களைச் சமவெளிக்கு அனுப்புவது என்று அரசாணை. காலியாகும் மேடு வேட்டைக்காடு ஆகும். வேட்டைக்காட்டுக்கு அதிகாரி யார் என்று நினைக்கிறீர்கள்? யோசனை சொன்ன கஸ்பாரேதான்.

அவர் வெளியே போனதும் பெனித்தா தெல்மோவின் சட்டைக் கையைப் பிடித்தாள். "ஐயா, அவர் திரும்பி வரும்போது வீடு இல்லாவிட்டால் எங்கே போவார்?"

"வருவான் என்று அவ்வளவு நிச்சயமா?"

"வேலைக்குப் போனவர் வராமல் என்ன செய்வார்? அவர் கட்டில் இங்கேதானே இருக்கிறது."

தெல்மோ மையை ஊதினான். எதையோ யோசித்துச் சிரித்தான். இன்னொரு காகிதத்தை உருவிக்கொண்டான்.

காலையில் கோயில் முற்றத்தில் ஊர் கூடியது. பன்றி வேட்டைக்கு வந்து ஆற்றுக்கு அந்தப் பக்கத்து மடத்தில் தங்கியிருந்த அரசரும் குதிரையில் வந்து சேர்ந்தார். கஸ்பார் தொண்டையைக் கனைத்தார்.

"மொத்தம் நாற்பத்தொன்றரைப் பேர், அரசே."

"அரை எப்படி வந்தது?"

"விதவை அரை ஆள். பழைய வழக்கம்."

ஊரின் ஒரே விதவை உர்ராகா. வாசற்கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. அவள் முன்னே வந்தாள். "மந்திரி ஐயா, எந்தப் பாதியை எழுதினீர்கள்? தெரிந்தால் மற்றப் பாதிக்கு ரொட்டி போடுவதை நிறுத்திவிடுவேன்."

அரசரின் மீசை அசைந்தது. ஆனாலும் ஆணை ஆணைதான். "அறுபது இல்லை. வசந்தத்தில் ஊரைக் காலி செய்யுங்கள்," என்றார்.

பெனித்தா குழந்தையை நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

தெல்மோ குனிந்து வணங்கினான். "அரசே, கையோடு இன்னொரு இடத்தையும் எண்ணிவிட்டேன். அதே ராத்திரி, அதே விதி."

"எந்த இடம்?"

"தலைநகரில் உள்ள அரண்மனை."

"நீ இங்கேதானே இருந்தாய்?"

"போக வேண்டிய அவசியமே இல்லை. அங்கே ஒரு கட்டிலைத் தட்டினால் போதும். அரசர் கட்டிலில் அரசர் இல்லை. இல்லாதவர் இல்லாதவர்தான். நாட்டுக்கு அரசர் இல்லை என்று எழுதியிருக்கிறேன். மகாராணியை அரை என்று போட்டிருக்கிறேன்."

தெல்மோ காகிதத்தில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தினான்.

"ஆளில்லாத அரண்மனையையும் வசந்தத்தில் காலி செய்துவிடலாம். மந்தை போகிற வழியில்தான் இருக்கிறது. நல்ல ஆட்டுப்பட்டியாகும்."

அரசர் முகம் சிவந்தது. "முட்டாளே, நான் இல்லாமலா போய்விட்டேன்? வேலையாக வந்திருக்கிறேன். முடிந்ததும் வீட்டுக்குப் போவேன். என் கட்டில் அங்கேதானே இருக்கிறது?"

தெல்மோ காகிதத்தை மடித்தான். "இதையேதான் நேற்று ராத்திரி இந்தப் பெண்ணும் சொன்னாள். அவள் சொன்னால் எழுத விதியில்லை, அரசே."

அரசர் பெனித்தாவைப் பார்த்தார், தொட்டில் துணியில் தூங்குகிற குழந்தையைப் பார்த்தார், கஸ்பாரைப் பார்த்தார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். குதிரை மிரண்டு நகர்கிற அளவுக்குச் சிரித்தார். தம் தோளில் இருந்த கம்பளிப் போர்வையை எடுத்துத் தெல்மோவிடம் எறிந்தார்.

"கட்டில் இருந்தால் ஆள் உண்டு. தொட்டிலும் கட்டில்தான். விதவை முழு ஆள். கஸ்பார், நீயே மறுபடி எண்ணு. போனவன் எங்கே போனான், எப்போது வருவான் என்று வீட்டுக்காரியைக் கேட்டு ஒன்று விடாமல் எழுது."

கஸ்பார் சத்திரத்து அறையில் உட்கார்ந்தார். முதலில் பெனித்தா. புருஷன் பெயர் ஃப்ரோய்லான், இடது முழங்காலில் வலி, கூடப் போன நாய்க்கு ஒரு காது இல்லை, கிளம்பும்போது அவர் அம்மா சொன்னது இது, அதற்கு இவள் சொன்னது இது. அப்புறம் உர்ராகா. "என் வீட்டுக்காரர் இனி வரமாட்டார், இருந்தாலும் எழுதிக்கொள்ளுங்கள்." மத்தியானம் அறுபது தாண்டியது. பெண்கள் நிறுத்தவில்லை. சாயந்திரம் தொண்ணூற்றைத் தொட்டபோதும் வாசலில் ஆள் நின்றது.

பெனித்தா பாதி வழி போய்த் திரும்பி வந்தாள். நாயின் பெயரைச் சொல்ல விட்டுப்போயிருந்தது. "ஐயா, ஒரே ஒரு விஷயம்," என்று அவள் கதவில் கை வைக்கும்போது, உள்ளேயிருந்து யாரோ அவசர அவசரமாகத் தாழ்ப்பாள் போட்டார்கள்.