கணப்பை அடைத்தவர்

குன்னூரில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களா ஒன்றில் அந்த ஆசிரமம் இருந்தது. குருவை எல்லோரும் அம்மா என்றார்கள். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. சீடர் திருமேனிக்கு அறுபத்தாறு. முப்பது வருஷம் அணைகளில் கசிவை அடைத்துவிட்டு ஓய்வு பெற்ற பொறியாளர். அப்பேர்ப்பட்டவர் ஒரு சுவரிடம் தோற்றுப்போனார்.

அவருடைய அறைச் சுவரில் குளிர்காய விறகு எரிக்கும் கணப்பு ஒன்று இருந்தது. அதன் புகைபோக்கி வழியே காற்று இறங்கிச் சத்தம் போடும். தியானம் கலைகிறது என்று சொல்லி, வந்த மாதமே மூடிவிட்டார். கூரைமேல் புகைபோக்கியின் வாயில் கடப்பைக்கல், கீழே கணப்பின் வாயில் செங்கல்லும் சிமென்ட்டும். அணைக்காரர் அடைத்தால் எறும்புகூட நுழையாது.

அடுத்த மழைக்காலத்தில் கணப்புக்கு மேலே சுவரில் பழுப்பாக ஈரம் படர்ந்தது. மூன்று தடவை பெயின்ட் அடித்தார். மூன்று தடவையும் உப்புப் பூத்து உரிந்தது. அந்தச் சுவரில்தான் அவர் மனைவி கோமதியின் படம் மாட்டியிருந்தது. அவள் போய் இரண்டு வருஷம். இருப்பது அந்த ஒரு படம்தான். கழற்றி வையுங்கள் என்று மற்றவர்கள் சொன்னபோது, ஒரு சுவரைச் சரிசெய்யத் தெரியாதவனா நான் என்று விட்டுவிட்டார். இப்போது கண்ணாடிக்குள் பூஞ்சணம் அவள் கழுத்துவரை ஏறிவிட்டது.

படத்தை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடினார்.

"எல்லாத்தையும் அடைச்சுட்டேம்மா. ஒரு சொட்டு உள்ளே போக வழியில்ல. இந்தத் தண்ணி எங்கேர்ந்து வருது?"

அம்மா தன் பிளாஸ்டிக் மழைக்கோட்டை நீட்டினார். கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு தேயிலைத் தோட்டத்து மேடுவரை போய்வரச் சொன்னார். வெளியே நல்ல வெயில். அம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று குழம்பிக்கொண்டே அவர் போனார். திரும்பி வந்து கோட்டைக் கழற்றியபோது சட்டை உடம்போடு ஒட்டியிருந்தது.

"மழையா?"

"இல்லம்மா. வேர்வை."

"கோட்டு எங்கயாவது கிழிஞ்சிருக்கா?"

"இல்ல."

மனிதனுக்கு வேர்க்கும், சுவருக்கு எப்படி வேர்க்கும் என்று திருமேனி யோசித்தார். காற்றுப் போக வழியில்லாமல் ஈரம் புகைபோக்கிக்குள்ளேயே தேங்குகிறது என்று பிடிபட்டதும் கூரைமேல் ஏறி, கடப்பைக்கல்லைத் தூக்கி நாலு செங்கல் துண்டுகள்மேல் வைத்தார். இனி மழை இறங்காது, காற்று போகும். கீழே வந்து, கணப்பை அடைத்த செங்கற்களில் ஒன்றைக் கடப்பாரையால் பெயர்த்தார். பழைய கரியின் ஈரவாடை முகத்தில் அடித்தது. அடுத்த கல்லில் கை நின்றுவிட்டது.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்றார் பின்னாலேயே வந்திருந்த அம்மா.

அவர் திரும்பவில்லை.

"தியானம் கலையுதுன்னு சொன்னது பொய்ம்மா. கோமதி கடைசி வாரம் மூச்சுக்குத் திணறினா. இந்தக் காத்து அதே சத்தம் போடுது. என்னால கேக்க முடியல."

அம்மா கணப்பின் முன்னால் வெறுந்தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் அவருக்கும் இடம் விட்டார்.

"அந்தக் கல்லையும் எடுங்க. நானும் கேக்கறேன்."