முதலில் பேசியவர்

"நான் வந்து ரெண்டு மாசமாச்சும்மா. ஒரு வார்த்தை உபதேசம் சொல்லலியே நீங்க," என்று குறைப்பட்டுக்கொண்டார் கோதண்டபாணி.

"நீங்க இடம் கொடுத்தாத்தானே?" என்றார் மங்களாம்பிகை அம்மாள்.

கோதண்டபாணி விமானப் படையில் ஏர் மார்ஷலாக இருந்து ஓய்வு பெற்றவர். மார்பு நிறையப் பதக்கம். இப்போது சிறுமலை அடிவாரத்து ஆசிரமத்தில் பாயில் படுக்கிறார்; தூக்கம்தான் வந்தபாடில்லை. ஆசிரமத்தை நடத்தும் அம்மாள் அவரைவிட வயதில் இளையவர். அதற்காக யாரையும் தாங்கிப் பேசுகிற வழக்கம் கிடையாது.

"தூக்கத்தைக் கெடுக்கறது யாரு?" என்று கேட்டார் அம்மாள்.

இரண்டு மாதமாகப் பதக்கக் கதையாக அளந்தவர் இன்று வேறு கதையைத் தொடங்கினார்.

"கோமதிநாயகம்னு ஒரு பையன். சங்கரன்கோவில்காரன். அப்போ நான் படைப்பிரிவுத் தளபதி. அவன் எனக்குக் கீழே பைலட், எல்லாருக்கும் சின்னவன்."

"ம்."

"பறக்கறதுக்கு முன்னாடி எல்லாரும் உட்கார்ந்து பேசுவோம், வானிலை எப்படி, போகலாமா வேண்டாமான்னு. எங்ககிட்ட ஒரு பழக்கம். இருக்கறதுலயே இளையவன்தான் முதல்ல பேசணும். தளபதி கடைசியிலதான் வாயைத் திறக்கணும்."

"எதுக்கு?"

"பெரியவன் சொல்லிட்டா, சின்னவன் மென்னு முழுங்கிடுவான்."

"நல்ல பழக்கம்."

"அன்னிக்கு மேலதிகாரிங்க பார்வையிட வந்திருந்தாங்க. தாமதமானா எனக்குக் கெட்ட பேரு. 'இந்த மேகமெல்லாம் ஒரு மேகமா, போகலாம்'னு நானே முதல்ல சொல்லிட்டேன். அப்புறம்தான் அவனைப் பார்த்தேன். 'எஸ் சார்'னான்."

துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மேகத்துக்குள்ள மலை இருந்துதும்மா."

விசாரணை நடந்தது. அங்கே மட்டும் கோதண்டபாணிக்கு வாய் வரவில்லை. பழி செத்தவன் தலையில் விழுந்தது. அடுத்த வருஷம் பதவி உயர்வு வந்தது. பாவி மனுஷன், அதையும் வாங்கிக்கொண்டார்.

"அவனோட அம்மா?"

"இருக்காங்க. உடலை நான்தான் கொண்டுபோனேன். என்னைப் பார்த்ததும் ஏதோ கேக்க வந்தாங்க. நான் முந்திக்கிட்டு, 'உங்க மகன் மாவீரன்'னு ஆரம்பிச்சேன். பேசி முடிச்சதும் ஜீப்ல ஏறிட்டேன்."

சொல்லிவிட்டு அழுதார். அந்த வயதில் ஓர் ஆண் அப்படி அழுவதைப் பார்க்கவே கஷ்டமாக இருந்தது. அம்மாள் தேற்றவில்லை.

அழுது முடித்து மூக்கைச் சிந்திக்கொண்டார். பழைய மிடுக்கு கொஞ்சம் திரும்பியது.

"நாளைக்கே சங்கரன்கோவில் போறேம்மா. நடந்தது எல்லாத்தையும் சொல்லிடறேன். காலையில போய்ப் பேசிட்டு, சாயங்காலம் கிளம்பிடறேன்."

அம்மாள் எழுந்துகொண்டார்.

"திரும்பி வர டிக்கெட் எடுக்காதீங்க," என்றார். "அந்தம்மா இன்னும் பேசவே ஆரம்பிக்கலே."