வராதவர்கள் கையைத் தூக்குங்கள்

கதவைத் தட்ட மறந்து உள்ளே வந்தார் டாக்டர் உமையொருபாகம்.

"மேடம், நூத்தி அறுபது!"

ஆசிரியை ஜெசிந்தா டீ கிளாஸைக் கீழே வைத்தார். அந்த அரசு மருத்துவமனையின் இதயப் பிரிவுக்கு அவர்தான் தலைவர். அவரிடம் படிக்கும் மாணவர் உமையொருபாகம் அவரை விட நான்கு வயது மூத்தவர். பதினைந்து வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஊசி போட்டுவிட்டு, இந்தப் படிப்புக்குத் தாமதமாக வந்தவர்.

"என்ன நூத்தி அறுபது?"

"பத்து வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஆஸ்பத்திரியில ஸ்டென்ட் வச்ச முதல் இருநூறு பேர். அதுல நூத்தி அறுபது பேர் இன்னைக்கும் நல்லா இருக்காங்க. பத்து வருஷம், மேடம்! அடுத்த மாசம் மதுரை மாநாட்டுல இதைப் படிச்சேன்னா..." அவருக்கு மூச்சு வாங்கியது.

"நல்லா இருக்காங்கன்னு எப்படித் தெரியும்?"

"மாத்திரை நோட்டுதான். மாசாமாசம் மாத்திரை வாங்கும்போது நோட்டுல முத்திரை, மருந்தகப் பதிவேட்டுல ஒரு டிக். முப்பத்தேழாம் நம்பரைப் பாருங்க, மந்திரமூர்த்தி. நூத்தி இருபது மாசம், நூத்தி இருபது டிக். ஒண்ணுகூடத் தப்பல! அவர் படத்தைத்தான் முதல்ல போடப் போறேன்."

"அவரைப் பார்த்திருக்கீங்களா?"

"பதிவேட்டுல பார்த்திருக்கேன்."

ஆசிரியை எழுந்தார். "வாங்க."

செவ்வாய்க்கிழமை. வெளிநோயாளிகள் கூடத்தில் நிற்க இடமில்லை. டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தவரிடமிருந்து மைக்கை வாங்கினார் ஆசிரியை.

"இன்னைக்கு வராதவங்க எல்லாரும் கையைத் தூக்குங்க."

கூடம் சிரித்தது.

"என்ன தாயி," என்றார் தலையில் துண்டு கட்டிய ஒருவர், "வராதவன் கை அவன் வீட்டுலல்லா இருக்கும்!"

இன்னும் பலமாகச் சிரித்தார்கள். உமையொருபாகமும் சிரித்தார். ஆசிரியை மட்டும் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

பின்வரிசையில் ஒரு கை எழுந்தது. அதில் ஒரு பச்சை மாத்திரை நோட்டு. ஜன்னலோரம் இன்னொன்று. தூணுக்குப் பின்னால் இரண்டு. சிரிப்பு அடங்குவதற்குள் ஒன்பது கைகள், ஒன்பது நோட்டுகள். வராதவர்களின் மனைவிகள், மகன்கள், ஒரு பக்கத்து வீட்டுக்காரர்.

உமையொருபாகம் அருகில் நின்ற ஒரு மகனின் நோட்டை வாங்கினார்.

"எங்கய்யா ஆடு பத்திக்கிட்டு மலைக்குப் போயிருக்காரு சார். அவருக்கென்ன, என்னைய விட நல்லா நடக்காரு."

இரண்டாவது நோட்டை ஒரு பெண் நீட்டினாள். எண் முப்பத்தேழு.

"மந்திரமூர்த்தி வரலையாம்மா?"

"பஸ் படி ஏற முடியலைங்கய்யா. தையிலேர்ந்து இப்படித்தான். கேட்டா வயசாயிட்டுங்காரு. நேத்துலேர்ந்து சும்மா உக்காந்திருந்தாலே நெஞ்சத் தடவுதாரு. மாத்திரைய மட்டும் சீக்கிரம் குடுத்தீகன்னா பதினோரு மணி பஸ்ஸப் பிடிச்சிருவேன்."

மாணவர் ஆசிரியையைத் திரும்பிப் பார்த்தார்.

"படம் போடணும்னு சொன்னீங்களே," என்றார் ஆசிரியை. "ஆளைப் போய்ப் பாருங்க. ஆம்புலன்ஸ் வாசல்ல நிக்குது."

உமையொருபாகம் ஓடினார். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மந்திரமூர்த்தியின் மனைவி பேராச்சியும் ஓடினாள்.

மந்திரமூர்த்தி தன் வீட்டு வாசலில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. வெள்ளைக் கோட்டைப் பார்த்ததும் மனைவியை முறைத்தார்.

"மாத்திரை வாங்கிட்டு வாடின்னா டாக்டரையே வாங்கிட்டு வந்திருக்கா, கிறுக்கி!"

"பேசாம ஏறும்," என்றாள் பேராச்சி.

வழியெல்லாம் சைரன் அலறியது. உமையொருபாகம் அவர் மணிக்கட்டை விடவே இல்லை.

மதியம் மூன்று மணிக்குத் திரையில் அவர் இதயம் தெரிந்தது. பத்து வருடத்துக்கு முன் வைத்த ஸ்டென்ட் திறந்தே இருந்தது. அதற்குச் சற்றுக் கீழே, ரத்தக்குழாய் நூலாகச் சுருங்கியிருந்தது. ஆசிரியை கம்பியைச் செலுத்தினார். பலூன் விரிந்தது. புதிய ஸ்டென்ட் சுவரோடு பதிந்தது. திரையில் கறுப்பு மையைப் போல ரத்தம் கடைசிக் கிளை வரை பாய்ந்தது.

"ஓடுது மேடம், ஓடுது!" என்று மாணவர் கத்திவிட்டார்.

"யாருய்யா ஓடுதா?" என்றார் மேஜையில் படுத்திருந்த மந்திரமூர்த்தி.

கை கழுவும் இடத்தில் இருவரும் பக்கத்துப் பக்கத்தில் நின்றார்கள். குழாயை மூடாமலே உமையொருபாகம் கேட்டார்.

"மேடம், மாநாட்டுல இப்ப நான் எத்தனைன்னு சொல்றது?"

"அந்த இருநூறு பேருல எத்தனை பேரை நேர்ல பார்த்திருக்கீங்க?"

"ஒருத்தரை."

ஆசிரியை கையைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாமவர் வீடு எங்கே இருக்கு?"