போன வருஷத்து முட்டையறை

கிணற்றுக்கு மேலே சாய்ந்து நின்ற பனைமரத்தில் தூக்கணாங்குருவிகள் கூடு கட்டிக்கொண்டிருந்தன. ஆண் குருவிகள் வயலுக்குப் பறப்பதும் பச்சை நார் கிழித்து வருவதுமாக இருந்தன. பொன்னன் என்ற குருவி மட்டும் ஓலை நுனியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தது. அதன் கூடு எப்போதோ முடிந்துவிட்டது!

எப்படி என்கிறீர்களா? போன வருஷத்துக் கூட்டிலிருந்து முட்டையறையை அப்படியே பெயர்த்து எடுத்தது. அதைச் சுற்றிப் பச்சை நாரால் பின்னி மூடிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் பளபளவென்று புதுசு.

"பூவழகி! ரெடிமேட் கூடு! எல்லாம் உள்ளேயே இருக்கு. நீ ஒரு நார்கூடக் கொண்டுவர வேண்டாம்!" என்று பெண் குருவியை அழைத்தது.

பூவழகி உள்ளே நுழைந்து பார்த்தது. "அறை பழசா இருக்கே?"

"பழசுன்னா என்ன? போன வருஷம் இதுலதான் மூணு குஞ்சு பொரிஞ்சுது!"

பூவழகிக்கு முட்டையிடும் அவசரம். சரி என்று குடியேறி, இரண்டு முட்டைகளும் இட்டுவிட்டது.

வெயில் ஏறியது. பச்சை நார் காயக் காய இறுகியது. பழைய நாரோ, இறுக வேண்டியதையெல்லாம் போன வருஷமே இறுகி முடித்திருந்தது. புதுச்சுவர் இழுத்தது, பழைய அறை அசைந்து கொடுக்கவில்லை. இரண்டும் சேரும் இடத்தில் கூடு பிளக்கத் தொடங்கியது.

"ஏங்க, சீக்கிரம் வாங்க! கீழே கிணத்துத் தண்ணி தெரியுது!"

பொன்னன் பதறிப்போய்ப் பச்சை நாரால் பிளவைத் தைத்தது. அந்த நார் காய்ந்து இழுத்ததும், அது மாட்டியிருந்த பழைய நார் பட்டென்று முறிந்தது. இன்னொன்று போட்டது. அதுவும் அப்படியே. பிளவு பெரிதாகிக்கொண்டே போனது. ஒரு முட்டை அதை நோக்கி உருண்டது!

பூவழகி நெஞ்சால் அதைத் தடுத்து நிறுத்தியது.

"ஒட்டுப் போட்டது போதும்! பழசை எடுத்துடுங்க!"

"நல்ல அறையாச்சே..."

"நல்ல அறைதான், அந்தக் கூட்டுக்கு! இந்தக் கூட்டோட அது சேரல!"

பொன்னன் பழைய அறையின் ஒரு நாரை மூக்கால் பற்றி இழுத்தது. மேற்கே மேகம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

"என்ன ரெடிமேட்காரரே, நார் வேணுமா?" என்று பக்கத்துக் குருவிகள் கேலி செய்தன. ஆனாலும் ஆளுக்கொரு பச்சை நாரோடு ஓடி வந்தன. பூவழகி முட்டைகளை அணைத்தபடி அசையாமல் உட்கார்ந்தது. பொன்னன் ஒரு பழைய நாரை உருவும்; உடனே அந்த இடத்தில் ஒரு பச்சை நாரைக் கோக்கும். மெல்ல மெல்ல, மூக்கு வலிக்க வலிக்க, அறை முழுவதும் மாறியது.

மழை காற்றோடு வந்தது. பனைமரம் ஆடியது, கூடும் ஆடியது. உள்ளே முட்டைகள் இரண்டும் இடம்விட்டு நகரவே இல்லை.

"பார்த்தியா, நான் கட்டின கூடு!" என்று பொன்னன் நெஞ்சை நிமிர்த்தியது.

"ஆமா, ரெண்டு தடவை கட்டின கூடு!" என்று பூவழகி சிரித்தது. பொன்னனும் வெட்கத்தோடு சிரித்துவிட்டது.

நேற்று நன்றாக உழைத்த பொருள்தானே என்று எதையும் புதியதற்குள் அப்படியே வைத்து மூடிவிடாதீர்கள். இன்றையதோடு அது ஒத்துப்போகிறதா என்று பார்த்த பிறகே சேர்க்க வேண்டும்.